மூன்று ஆண்டு எண்களைச் சுமந்த ஒரே சீசன்: ஆசியன் டூர் 2020–21–22

பெரும்பாலும் ஆசிய நாடுகளில் நடக்கும் தொழில்முறை கோல்ஃப் போட்டித் தொடரான ஆசியன் டூரின் சாம்பியன் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்தால், ஆண்டுக்கு ஒரு பெயர் என்று சீராகப் போகும். 2015ல் அனிர்பன் லாஹிரி, 2018ல் சுபாங்கர் ஷர்மா, 2019ல் தாய்லாந்தின் ஜாஸ் ஜேன்வத்தனானோன்ட். அதற்கு அடுத்த வரியில் கண் நின்றுவிடும். அங்கே ஆண்டு என்ற இடத்தில் 2020–21–22 என்று இருக்கும். மூன்று ஆண்டு எண்கள், ஒரே சீசன், ஒரே சாம்பியன். அந்தச் சீசனில் நடந்தது மொத்தம் எட்டுப் போட்டிகள். முதல் நான்கும் ஒன்பது வாரத்துக்குள் முடிந்தன, கடைசி நான்கும் அப்படியே. நடுவில் இருபது மாதத்துக்கும் மேலாக ஒன்றுமே நடக்கவில்லை.

இந்தச் சீசனைப் புரிந்துகொண்டால், கடந்த சில ஆண்டுகளாக உலக கோல்ஃபில் பழைய டூர்களுக்கும் சவூதிப் பணத்தில் உருவான லிவ் கோல்ஃபுக்கும் நடக்கும் பெரிய சண்டையில் ஆசியன் டூர் ஏன் சவூதிப் பணத்தின் பக்கம் போய் நின்றது என்பதும் புரியும். பலர் அதை வெறும் பேராசை என்று எழுதித் தள்ளினார்கள். நான் அதை அப்படிப் பார்க்கவில்லை. ஏன் என்று சொல்ல, ஒரு பிராந்திய டூரில் ஆட்டக்காரர் எப்படிப் பிழைக்கிறார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

தொழில்முறை கோல்ஃபில் சம்பளம் கிடையாது. கால்பந்து வீரருக்கு ஒரு கிளப் இருக்கிறது. காயம்பட்டு உட்கார்ந்தாலும் மாதம் பிறந்தால் பணம் வரும். கோல்ஃப் ஆட்டக்காரர் தனி ஆள். விமான டிக்கெட், ஹோட்டல் அறை, கேடிக்கு (மட்டைப் பையைச் சுமந்து கூடவே வருபவர்) வாரக்கூலி, சாப்பாடு, துணி துவைக்கும் செலவு, விசா எல்லாம் அவர் கைக்காசு. போட்டி வியாழனில் தொடங்கி ஞாயிறில் முடியும். ஒரு நாளைக்கு 18 ஹோல் (பந்தை விழவைக்க வேண்டிய குழி), நான்கு நாளில் 72. மொத்தத்தில் குறைந்த அடிகளில் முடிப்பவருக்கே வெற்றி. சுமார் 150 பேர் தொடங்குவார்கள். வெள்ளிக்கிழமை மாலை, 36 ஹோல் முடிந்ததும், 'கட்' விழும். முதல் 65 இடத்துக்குள் இருப்பவர்களும், 65வது இடத்தில் சமநிலையில் நிற்பவர்களும் சனி, ஞாயிறு ஆடலாம். மற்றவர்கள் ஊருக்குப் போகலாம். அவர்களுக்கு ஒரு டாலர்கூடக் கிடையாது.

அந்த வெள்ளிக்கிழமை மாலையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். வெயில் இறங்கிக்கொண்டிருக்கிறது. கடைசிக் குழுவில் ஒருவர் கட் எல்லையில் சரியாக நிற்கிறார். கடைசி ஹோலில் ஐந்தடி தூரத்தில் பட்டிங், அதாவது பந்தைக் குழிக்குள் உருட்டும் அடி. பந்து விழுந்தால் இன்னும் இரண்டு நாள் ஆட்டம், கடைசி இடத்தில் முடித்தாலும் சில ஆயிரம் டாலர், அந்த வாரச் செலவு கழிந்துவிடும். ஓரத்தில் உரசி வெளியே போனால், அன்றிரவே அறையைக் காலி செய்துவிட்டு, அடுத்த வாரத்து நாட்டுக்கு மலிவான விமானம் தேட வேண்டும். கேமரா அந்த நேரம் முன்னணி ஆட்டக்காரரைச் சுற்றிக்கொண்டிருக்கும். ஆனால் பிராந்திய டூரின் உயிர்நாடி அந்த ஐந்தடியில்தான் துடிக்கிறது என்பேன்.

கட்டைத் தாண்டியவர்களுக்குள்ளும் பணம் மேலே குவிந்து கீழே மெலிந்துதான் போகும். ஆசியன் டூரில் மொத்தப் பரிசுத்தொகையில் 18 சதவீதம் வென்றவருக்கு. 10 லட்சம் டாலர் போட்டி என்றால் 1,80,000. இரண்டாமவருக்கு 1,10,000. மூன்றாமிடத்துக்கு வரும்போது அது 63,000 ஆகிவிடும். அந்தக் காலத்தில் சீசன் முழுக்கச் சேரும் பரிசுத்தொகையைக் கூட்டிப் போட்ட பட்டியலுக்குத்தான் ஆர்டர் ஆஃப் மெரிட் என்று பெயர். அதில் முதலிடம் பிடிப்பவர் சாம்பியன். அது செய்தியில் வரும். வராத செய்தி, அதே பட்டியலில் அறுபது சொச்சம் இடத்தில் போடப்படும் இன்னொரு கோடு. அதற்கு மேலே இருப்பவர்களுக்கு அடுத்த ஆண்டும் ஆடும் உரிமை உண்டு. கீழே இருப்பவர்கள் க்யூ ஸ்கூல் எனப்படும் தகுதிச் சுற்றுக்குப் போய், நூற்றுக்கணக்கான புது ஆட்களோடு மறுபடி முட்டிமோத வேண்டும்.

ஆக, ஒரு ஆட்டக்காரருக்கு டூரின் காலண்டர்தான் முதலாளி. காலண்டரில் எத்தனை வாரம் இருக்கிறதோ அத்தனை வாய்ப்பு. வாரம் இல்லை என்றால் எவ்வளவு திறமை இருந்தும் பயனில்லை.

சரி, இனி அந்தச் சீசனுக்கு வருவோம்.

அதன் முதல் போட்டியே தள்ளிவைக்கப்பட்ட ஒன்றுதான். ஹாங்காங் ஓப்பன் 2019 நவம்பர் கடைசியில் நடந்திருக்க வேண்டும். நகரத்தில் போராட்டங்கள் உச்சத்தில் இருந்ததால் 2020 ஜனவரிக்குப் போனது. ஃபேன்லிங் மைதானத்தில் ஆஸ்திரேலியாவின் வேட் ஆர்ம்ஸ்பி வென்றார். 2017லும் இதே கோப்பையைத் தூக்கியவர். அப்போதைய பிரிட்டிஷ் ஓப்பன் சாம்பியன் ஷேன் லவ்ரியை அவர் நான்கு அடி வித்தியாசத்தில் பின்தள்ளினார். அடுத்த வாரம் சிங்கப்பூர் ஓப்பன், செந்தோசாவின் செராபோங் மைதானம். அமெரிக்காவின் மேட் கூச்சர் வென்றார், ஜஸ்டின் ரோஸ் இரண்டாமிடம். நான்காமிடத்தில் முடித்தவர் 17 வயது கொரியப் பையன் கிம் ஜூ-ஹியுங். அந்த இடம் அவருக்கு அந்த ஆண்டு ஜூலையில் நடக்கவிருந்த பிரிட்டிஷ் ஓப்பனில் ஒரு இடத்தைக் கொடுத்தது. அந்த பிரிட்டிஷ் ஓப்பன் நடக்கவே இல்லை. ஏப்ரலில் ரத்து செய்துவிட்டார்கள்.

பிறகு நியூசிலாந்து ஓப்பன். குயின்ஸ்டவுன் பக்கம், தொழில்முறை ஆட்டக்காரர்களோடு அமெச்சூர்களும் ஜோடி சேர்ந்து நடக்கும் போட்டி அது. 45 வயதான பிராட் கென்னடி வென்றார். மார்ச் முதல் வாரம் மலேசியா. மழையால் 54 ஹோலாகச் சுருக்கப்பட்ட பண்டார் மலேசியா ஓப்பனில் அமெரிக்காவின் டிரெவர் சிம்ஸ்பி, சமநிலையை முறிக்க ஆடும் கூடுதல் ஆட்டமான ப்ளே ஆஃபில் வென்றார். அடுத்த சில நாட்களில், மார்ச் 11 அன்று, உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அதே மாதம் நடக்கவிருந்த இந்தியன் ஓப்பன் போனது. ஏப்ரலில் இருந்த மேபேங்க் சாம்பியன்ஷிப் போனது. ஒவ்வொன்றாக உதிர்ந்து காலண்டர் காலியானது.

எல்லா டூரும்தான் நின்றது. ஆனால் மற்றவை எப்போது எழுந்தன என்று பாருங்கள். அமெரிக்காவின் பிஜிஏ டூர் மூன்றே மாதத்தில், 2020 ஜூனில், டெக்சாஸில் பார்வையாளர் இல்லாமல் தொடங்கிவிட்டது. ஐரோப்பிய டூர் ஜூலையில் தொடங்கி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வரிசையாகப் போட்டி வைத்து ஆட்டக்காரர்களை ஒரு வளையத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டது. கொரிய டூரும் ஜூலையில் ஆரம்பித்தது, ஜப்பான் டூர் செப்டம்பரில். ஆசியன் டூர் மட்டும் 2021 நவம்பர் 25 வரை எழவில்லை.

காரணம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. பிஜிஏ டூர் பெரும்பாலும் ஒரே நாட்டுக்குள் ஓடுகிறது. கொரியாவும் ஜப்பானும் அப்படித்தான். ஆசியன் டூருக்கு என்று ஒரு நாடு இல்லை. அலுவலகம் சிங்கப்பூரில், போட்டிகள் தைவானில், தாய்லாந்தில், இந்தோனேசியாவில், இந்தியாவில், கொரியாவில். ஒரு சீசனில் பத்துப் பதினைந்து நாட்டு எல்லைகளைத் தாண்ட வேண்டும். நல்ல நாளில் இதுதான் அதன் அழகு. டெல்லியின் புதர் நெருக்கும் ஃபேர்வேயில் (ஹோலுக்குப் போகும் புல்பாதை) ஆடத் தெரிந்தவர், அடுத்த வாரம் தென்கிழக்கு ஆசியப் புல்லின் சொரசொரப்பிலும், அதற்கடுத்த வாரம் ஜேஜு தீவின் காற்றிலும் ஆடிப் பழகுகிறார். அப்படிப் பழகிய ஆட்டக்காரரை எங்கே இறக்கினாலும் தடுமாற மாட்டார். ஆனால் எல்லைகள் மூடியபோது அந்த அழகே விலங்காகிவிட்டது. ஒவ்வொரு நாட்டிலும் இரண்டு வாரத் தனிமைப்படுத்தல் என்றால், நான்கு நாள் போட்டிக்காக யார் போவார், யார் வைப்பார்?

இன்னொரு அடியும் விழுந்தது. அது வெளியே அதிகம் தெரியவில்லை. உலகத் தரவரிசை இரண்டு ஆண்டுக் கணக்கு. ஒரு போட்டியில் கிடைத்த புள்ளி முதல் 13 வாரம் முழு மதிப்போடு இருக்கும். அப்புறம் வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, இரண்டு ஆண்டு முடியும்போது காணாமல் போகும். 2020 மார்ச்சில் தரவரிசையை உறையவைத்தார்கள். பிஜிஏ டூர் மறுபடி தொடங்கிய ஜூனில் அந்த உறைவை எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அமெரிக்காவில் ஆடுபவருக்குப் புதுப் புள்ளி சேரும், ஆசியாவில் வீட்டில் உட்கார்ந்திருப்பவரின் பழைய புள்ளி கரையும். சராசரி எடுக்கும்போது குறைந்தது 40 போட்டிகளால் வகுப்பார்கள். நீங்கள் 25 போட்டிதான் ஆடினீர்கள் என்றாலும் வகுப்பது 40ஆல். ஆட இடமில்லாதவருக்கு இது இரட்டைத் தண்டனை. தரவரிசை இறங்கினால் பெரிய போட்டிகளின் அழைப்பு நிற்கும். அழைப்பு நின்றால் தரவரிசை இன்னும் இறங்கும்.

இந்த இருபது மாதத்தில் ஆட்டக்காரர்கள் என்ன செய்தார்கள்? உள்நாட்டு டூர் இருந்தவர்கள் தப்பித்தார்கள். தாய்லாந்துக்காரர்கள் தங்கள் நாட்டுப் போட்டிகளில் ஆடினார்கள், தைவான்காரர்கள் அங்கே. கிம் ஜூ-ஹியுங் கொரியாவுக்குத் திரும்பி, 18 வயதில் அங்கே ஒரு போட்டியை வென்றார், அடுத்த ஆண்டு இன்னொன்று. சொந்த நாட்டில் டூரே இல்லாதவர்களுக்கு, அல்லது இருந்தும் சில்லறைப் பரிசு மட்டுமே உள்ளவர்களுக்கு, பயிற்சி வலைதான் மிச்சம். கேடிகளின் கதை அதைவிட மோசம். அவர்களுக்குப் பரிசுப் பட்டியலில்கூடப் பெயர் வராது. டூரோடு சேர்ந்து அவர்களின் வாரக்கூலியும் நின்றது.

2021 நவம்பரில் புக்கெட் வழி திறந்தது. தடுப்பூசி போட்டவர்கள் தனி அறையில் அடைபடாமல் தீவுக்குள் நடமாடலாம் என்று தாய்லாந்து அந்த ஜூலையிலேயே 'சாண்ட்பாக்ஸ்' திட்டத்தைத் தொடங்கியிருந்தது. கோல்ஃப் டூர் மறுபடி பிறக்க ஒரு தீவைத் தேர்ந்தெடுத்தது பொருத்தம்தான். இரண்டு போட்டிகள், தலா 10 லட்சம் டாலர். முதலாவது ப்ளூ கேன்யன் மைதானத்தில். 1998ல் டைகர் உட்ஸ் கடைசி நாளில் எட்டு அடி பின்னால் இருந்து எழுந்து எர்னி எல்ஸைத் தோற்கடித்த அதே இடம். போட்டி வியாழக்கிழமை தொடங்கியது. மறுநாள் வெள்ளிக்கிழமை, நவம்பர் 26, புதிய கொரோனா வகைக்கு உலக சுகாதார நிறுவனம் ஒமிக்ரான் என்று பெயர் வைத்தது. இருபது மாதம் காத்திருந்து முதல் 36 ஹோலை முடிக்கும்போதே இப்படி ஒரு செய்தி. அந்த மாலை அந்த கிளப்ஹவுஸில் இருந்தவர்களின் வயிறு எப்படிக் கலங்கியிருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. நல்லவேளை, போட்டி நிற்கவில்லை. தைவானின் சான் ஷிஹ்-சாங் வென்றார். அடுத்த வாரம் லகூனா மைதானத்தில் தாய்லாந்தின் பச்சாரா கோங்வத்மாய்.

கடைசி இரண்டு போட்டிகள் 2022 ஜனவரியில் சிங்கப்பூரில். தானா மேராவில் நடந்த சிங்கப்பூர் இன்டர்நேஷனலில், தாய்லாந்தின் ரத்தனோன் வன்னஸ்ரீசனை ப்ளே ஆஃபில் வென்றவர் கிம் ஜூ-ஹியுங். சீசன் தொடங்கியபோது 17 வயதாக இருந்தவருக்கு இப்போது 19. அடுத்த வாரம் மறுபடி செந்தோசா. சிங்கப்பூர் ஓப்பனை தாய்லாந்தின் சாடோம் கேவ்கஞ்சனா வென்று 2,25,000 டாலரும் செயின்ட் ஆண்ட்ரூஸில் நடக்கவிருந்த 150வது பிரிட்டிஷ் ஓப்பனில் இடமும் பெற்றார். கிம் இரண்டாமிடத்தைப் பகிர்ந்துகொண்டார், ஆர்டர் ஆஃப் மெரிட் அவருடையதானது. இரண்டு ஆண்டுக்கு முன்னால் அவர் நான்காமிடம் வாங்கிய அதே மைதானத்தில் அந்தச் சீசன் முடிந்தது.

இந்தக் கிம்மைப் பற்றி இரண்டு வரி சொல்லாமல் போக முடியாது. உலகம் இன்று டாம் கிம் என்று அறியும் இவர், பிராந்திய டூர் என்பது எதற்காக இருக்கிறது என்பதற்கு உயிருள்ள சாட்சி. அப்பா கோல்ஃப் சொல்லிக்கொடுப்பவர். பையன் வளர்ந்தது ஆஸ்திரேலியா, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து என்று மாறி மாறி. ஆசியன் டூருக்கும் கீழ்ப்படியில் இருக்கும் டெவலப்மென்ட் டூரில் 2019ல் மூன்று போட்டி வென்றார். மூன்று வென்றால் சீசன் நடுவிலேயே மேல் டூருக்கு ஏற்றிவிடுவார்கள். ஏறிய கையோடு நவம்பரில் இந்தியாவில் பானசோனிக் ஓப்பனை வென்றார். 2022 ஆகஸ்டில் அமெரிக்காவின் கிரீன்ஸ்பரோவில் விண்டம் சாம்பியன்ஷிப். முதல் நாள் முதல் ஹோல், பார் நான்கு, அதாவது நான்கு அடியில் முடிக்க வேண்டியது. அவர் எடுத்தது எட்டு அடி. அப்படித் தொடங்கியவர், ஞாயிறன்று 61 அடித்து, ஐந்து அடி வித்தியாசத்தில் கோப்பையை எடுத்தார். முதல் ஹோலில் எட்டு எடுத்தும் கலங்காத அந்த நிதானம் கிரீன்ஸ்பரோவில் ஒரே நாளில் வந்ததல்ல. ஆசிய மைதானங்களில் வாரா வாரம் சம்பாதித்தது அது.

இப்போது பணத்துக்கு வருகிறேன். 2021 அக்டோபர் 29 அன்று, முன்னாள் ஆஸ்திரேலிய கோல்ஃப் வீரர் கிரெக் நார்மன் தலைமையில் சவூதி அரசு முதலீட்டு நிதியின் பின்பலத்தோடு உருவான லிவ் கோல்ஃப் நிறுவனம், ஆசியன் டூரில் பத்து ஆண்டுக்கு 20 கோடி டாலர் போடுவதாக அறிவித்தது. ஆண்டுக்குப் பத்துப் புதுப் போட்டிகள். மறு பிப்ரவரியில் அந்தத் தொகை 30 கோடி ஆனது. போட்டிகளுக்கு இன்டர்நேஷனல் சீரீஸ் என்று பெயர் வைத்தார்கள். முதல் அறிவிப்பு வந்த நாளில் ஆசியன் டூர் கடைசியாகப் போட்டி நடத்தி பத்தொன்பது மாதம் ஆகியிருந்தது. புக்கெட் இன்னும் நான்கு வாரம் தள்ளி இருந்தது.

அதற்கு முன் வேறு துணை இல்லையா? இருந்தது. 2016ல் ஐரோப்பிய டூரோடு ஆசியன் டூர் கூட்டணி போட்டது. ஆனால் 2020 நவம்பரில் ஐரோப்பிய டூர் அமெரிக்காவின் பிஜிஏ டூரோடு தனியாக ஒரு கூட்டணி போட்டுக்கொண்டது. பெரியவர்கள் இருவரும் கைகோத்தபோது, ஒரு போட்டிகூட நடத்த முடியாமல் கிடந்த ஆசியன் டூர் வெளியே நின்றது. நகர்த்த ஆளில்லாமல் நடுரோட்டில் நின்றுவிட்ட வண்டியிடம் ஒருவர் வந்து பெட்ரோல் போடுகிறேன் என்றால், ஓட்டுநர் என்ன செய்வார்?

சவூதி அரசின் மனித உரிமை நிலவரத்தைச் சுட்டிக்காட்டி எழுந்த விமர்சனங்களை நான் சின்னதாக நினைக்கவில்லை. அந்தக் கேள்விகள் நியாயமானவை, இன்றும் நிற்பவை. ஆனால் விமர்சித்தவர்களில் பலர் அந்தக் காலி காலண்டரைப் பார்க்கவே இல்லை என்பது எனக்கு உறுத்துகிறது. 2004ல் பழைய நிர்வாகத்தோடு முரண்பட்டு, ஆட்டக்காரர்களே சேர்ந்து உருவாக்கிக்கொண்ட அமைப்பு இன்றைய ஆசியன் டூர். அதன் முதல் கவலை உறுப்பினர்களுக்கு ஆட வாரம் வேண்டும் என்பதாகத்தான் இருக்க முடியும்.

அந்த முடிவு எல்லாக் கதவையும் திறந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2022 ஆகஸ்டில் உலகத் தரவரிசையின் கணக்குமுறை மாறியது. அதற்கு முன் ஆசியன் டூர் போட்டி ஒன்றை வென்றால் குறைந்தது 14 புள்ளி உறுதி. புதுமுறையில் அந்த உறுதித்தொகை எடுக்கப்பட்டது. களத்தில் யார் யார் ஆடுகிறார்களோ அதைப் பொறுத்துத்தான் புள்ளி. பெரிய பெயர்கள் வராத வாரங்களில் வெற்றியின் மதிப்பு சரிந்தது. பரிசுத்தொகை ஏறியது, மேலே போகும் ஏணியின் படிகள் அகன்றுபோயின. அதே சமயம் இன்டர்நேஷனல் சீரீஸில் முதலிடம் பெறுபவருக்கு லிவ் கோல்ஃபில் ஒரு சீசன் இடம் என்று புது வழி ஒன்று போடப்பட்டது. ஜிம்பாப்வேயின் ஸ்காட் வின்சென்ட் 2022ல் அதைப் பிடித்தார், 2023ல் அமெரிக்காவின் ஆண்டி ஓகிள்ட்ரீ. கிம் போன பாதை பிஜிஏ டூர். அவருக்கு அடுத்து வருபவர்கள் இரண்டில் எந்தப் பாதை என்று இளவயதிலேயே யோசிக்க வேண்டியிருக்கிறது.

சாடோம் அந்த ஜூலையில் செயின்ட் ஆண்ட்ரூஸுக்குப் போய் 11வது இடத்தைப் பகிர்ந்துகொண்டார். உலகின் மிகப் பழைய கோல்ஃப் போட்டி, அதன் 150வது பதிப்பு, சிங்கப்பூரில் சம்பாதித்த இடம். தூங்கிக் கிடந்த டூரிலிருந்து போன ஒருவர் அங்கே அப்படி ஆடியதைப் பார்க்க எனக்கு நெஞ்சு நிறைந்தது.

அவர் செந்தோசாவில் கோப்பையைத் தூக்கிய பதினோராவது நாள், 2022 பிப்ரவரி 3ல், ஆசியன் டூரின் அடுத்த சீசன் செங்கடல் கரையில் தொடங்கியது. சவூதி இன்டர்நேஷனல். அமெரிக்காவின் ஹரோல்ட் வார்னர் கடைசி ஹோலில் ஏறக்குறைய 90 அடி தூரத்திலிருந்து ஈகிள் பட்டிங்கை (பாரை விட இரண்டு அடி குறைவாக முடிப்பது ஈகிள்) உருட்டிவிட்டு ஒரு அடி வித்தியாசத்தில் வென்றார். புக்கெட்டிலும் சிங்கப்பூரிலும் டூரை உயிர்ப்பித்த நான்கு போட்டிகளின் பரிசுத்தொகை எல்லாம் சேர்த்து 42.5 லட்சம் டாலர். அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் 50 லட்சம்.